முன்னுரைகளில் ஒரு வாழ்க்கை

வயதான எழுத்தாளர் தன்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்குக் கொஞ்சம் பயம்தான். வாங்கிய விருது, கிடைத்த மாலை, கைவிட்ட சொந்தம் என்று நீண்டுகொண்டே போகும். நானும் அந்த வயதுக்காரிதான். பென்னாகரம் பக்கம் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவள். நாலைந்து கதைகள் எழுதியிருக்கிறேன் என்பதற்காக, "உங்க கதையையும் எழுதுங்கம்மா" என்று வீட்டுப் பிள்ளைகள் நச்சரிக்கிறார்கள். எழுத உட்காரும்போதெல்லாம் ராஜம் கிருஷ்ணனின் நாவல்களை எடுத்து வைத்துக்கொள்கிறேன். படிப்பதென்னவோ அவற்றின் முன்னுரைகளைத்தான்.

தமிழில் ஒரு பெண் தன்னை அறிமுகம் செய்துகொண்ட விதங்களில் எனக்கு மிகவும் பிடித்தவை அந்த முன்னுரைகள். அவர் 1925இல், காவிரிக்கரை முசிறியில் பிறந்தவர். பதினைந்து வயதில் கல்யாணம். பள்ளிப் படிப்பு அதோடு சரி. கணவர் மின்துறைப் பொறியாளர். அவருக்கு வேலை எந்த ஊரிலோ அங்கே இவருக்குக் குடித்தனம். வேறொருவர் கையில் இது நூறு பக்கத்துக்கு அழுகையாகியிருக்கும். ராஜம் கிருஷ்ணனோ நீலகிரிக்குப் போன இடத்தில் படகர்களோடு பழகி, 1963இல் 'குறிஞ்சித்தேன்' நாவலைத் தந்தார். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சிதான் அந்த நாவலுக்குக் காலக்கணக்கு. பூத்து அடங்கி மறுபடி பூப்பதற்குள் மலையில் ஒரு தலைமுறையின் பழக்கவழக்கம் மாறிவிடுகிறது. தேயிலையும் பணமும் எப்படி உள்ளே வந்தன என்று யாரும் சொற்பொழிவாற்றாமலே நமக்குப் புரிகிறது.

பிறகு கோவா விடுதலைக்காக 'வளைக்கரம்', சம்பல் பள்ளத்தாக்குக் கொள்ளையரைப் பற்றி 'முள்ளும் மலர்ந்தது', தூத்துக்குடி உப்பளங்களுக்காக 'கரிப்பு மணிகள்', தஞ்சை வயற்காட்டுக்காக 'சேற்றில் மனிதர்கள்'. சாகித்திய அகாதெமி விருது 1973இல் 'வேருக்கு நீர்' நாவலுக்குக் கிடைத்தது. என் தேர்வு அதுவல்ல, 'கரிப்பு மணிகள்'தான். வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கூசவைப்பதும், உப்புநீரில் ஊறிய பாதம் வெடிப்பதும், அளத்தில் கூலிக்குப் போகும் பொன்னாச்சி யார் யார் பார்வைக்குத் தப்ப வேண்டியிருக்கிறது என்பதும் வீட்டுக்குள் இருந்து யோசித்துச் சேர்த்த சரக்கல்ல.

முன்னுரைகளில் அவருடைய 'நான்' வருகிறதே, அதன் அளவுதான் என் ரசனைக்குரிய விஷயம். எப்படி அந்த ஊருக்குப் போனார், யார் துணையிருந்தார்கள், எதைப் பார்த்து மனம் கலங்கினார் என்பதற்கு மட்டும் அது தலைகாட்டும். பேசியவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். உப்புப் போடுவதில் கை தேர்ந்த சமையல்காரியின் நிதானம் அது. ஆனால் எல்லா முன்னுரைகளையும் வரிசையாகப் படித்துப் பாருங்கள்: கல்லூரி வாசல் மிதிக்காத ஒரு பெண், யாரும் அனுப்பாமலே நாடு முழுக்கப் போய்க் கேள்வி கேட்ட கதை கிடைக்கும். தன்வரலாறு என்று தலைப்பிட்டு அவர் எழுதியிருந்தால்கூட இவ்வளவு தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

குறையும் உண்டு. சேகரித்த தகவலை விட மனசில்லாமல் பாத்திரங்களின் வாயில் வைத்துவிடுவார். சில இடங்களில் உரையாடல் மேடைப்பேச்சாகிவிடும். அவரை நடை அழகுக்காக யாரும் தேடிப் போவதில்லை. காதின் கூர்மைக்காகத்தான் நான் போகிறேன்.

அந்தக் காது எங்கள் பக்கத்து ஒகேனக்கல்லுக்கு வந்திருந்தால் என்ன கேட்டிருக்கும் என்று யோசிப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. 'ரோஜா' படப் பாட்டில் பார்த்த அருவியை அவர் ஒரு பத்தியில் முடித்திருப்பார். பிலிகுண்டுலுவில் காவிரி நீர்வரத்து இத்தனை கனஅடி என்று செய்தி வந்ததும் பரிசல் ஓட்டத் தடை போடுகிறார்களே, அன்றைக்குப் பரிசல்காரர் வீட்டு அடுப்பு எப்படி எரியும் என்று கேட்டிருப்பார். மூங்கில் பிளாச்சுக் கூட்டுக்கு முன்பு தோல் போர்த்தினார்கள், இப்போது பிளாஸ்டிக் விரிப்பும் தாரும். அந்த மாற்றத்தில் யாருக்கு லாபம் என்று கேட்டிருப்பார். எண்ணெய் தேய்த்துவிடுபவரின் தோள்பட்டை வலியைக் கேட்டிருப்பார். சுற்றுலா வந்தவர்கள் வாங்கித் தரும் மீனைக் கழுவி, மசாலா அரைத்துக் குழம்பு வைத்துக் கொடுக்கிறார்களே எங்கள் பெண்கள், அவர்களோடு அடுப்படியிலேயே உட்கார்ந்திருப்பார் என்பது என் ஊகம். மீன் ருசியைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். சமைத்தவள் பெயரை எங்கேயும் காணோம்.

கடைசிக் காலம் அவருக்குக் கருணை காட்டவில்லை. கணவர் போனபின் பிள்ளையில்லாத தனிமை, முதியோர் இல்லம், பிறகு போரூர் மருத்துவமனைப் படுக்கை. 2009இல், அவர் உயிரோடிருக்கும்போதே, தமிழக அரசு அவர் நூல்களை நாட்டுடைமையாக்கியது. 2014 அக்டோபர் 20இல் காலமானார்.

நாட்டுடைமை என்பதால் அவருடைய பல நாவல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கதைக்குத் தாவும் முன் முன்னுரையையும் படியுங்கள். ஒகேனக்கல்லைப் பற்றி எழுத நினைக்கும் இளம்பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள்: பரிசல் நிறுத்தப்பட்ட நாளில் வாருங்கள். அன்றைக்குத்தான் இங்கே எல்லோருக்கும் பேச நேரமிருக்கும்.