கொப்பரை இறங்குகிற நேரம்

கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரையில் நிறத்தைத் தேடுகிறவர்களோடு எனக்கு நெடுநாளாக வழக்கு உண்டு. கோபியிலிருந்து ஈரோட்டுக்குப் போகிற பஸ் அந்த ஊரை நெருங்கும்போதே ஆலைப் புகை சன்னல் வழியாக ஏறும். பாதிச் சர்க்கரை அந்த வாசத்திலேயே தெரிந்துவிடும். சக்கை காய்ந்து எரிகிறதா, ஈரத்தோடு புகைகிறதா, கொப்பரையில் இப்போதுதான் அழுக்கு எடுக்கிறார்களா, பாகு திரண்டுவிட்டதா என்பதையெல்லாம் மூக்கு சொல்லும். அத்தனையையும் தாண்டி வந்த சர்க்கரையைக் கடையில் ஒருவர், “பளிச்சுன்னு மஞ்சளா இருக்கறதாப் பாத்துக் குடுங்க” என்று கேட்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை.

நல்ல சர்க்கரைக்குக் கரும்புதான் காரணம் என்பார்கள் சிலர். மண்தான் என்பார்கள் சிலர். இரண்டையும் நான் மறுக்கமாட்டேன். கரும்பு என்று வந்தால் நம் பக்கத்துக்குப் பெருமை கொஞ்சமா? 1912இல் கோயமுத்தூரில் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் தாவரவியலாளர்கள் பார்பரும் வெங்கட்ராமனும் தோட்டத்துக் கரும்பைக் காட்டுப் பேய்க்கரும்போடு சேர்த்தார்கள். 1918இல் கோ 205 என்ற கரும்பு ரகம் வந்தது. வட இந்தியாவின் கரும்பு விவசாயமே அதன்பிறகு மாறிப்போனது. தாவரவியலாளர் ஜானகி அம்மாள் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்ததும் அந்த நிலையத்தில்தான். இன்று நம் வயல்களில் நிற்கிற கோ 86032 அதே வம்சம். மண்ணைச் சொன்னால், உப்பு ஏறிய நிலத்துக் கரும்பில் காய்ச்சிய சர்க்கரையும் கரிக்கும் என்பது ஆலைப் பக்கம் நின்றவர்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் என் கட்சி மூன்றாவது. கொப்பரையை இறக்குகிற அந்த ஒரு நிமிஷம்தான் சர்க்கரை. அதற்கு முன்னால் நடப்பதெல்லாம் கரும்பின் வேலை, பின்னால் நடப்பதெல்லாம் வியாபாரம்.

கீழ்பவானி வாய்க்காலை ஒட்டிய ஓர் ஆலைக்கொட்டகையில் ஒரு பெரியவர் பதம் பார்த்துக்கொண்டிருந்தார். எழுத வந்த காலத்திலிருந்து நான் ரசித்த கலைஞர்களின் வரிசையில், பாடகர்களுக்கும் நாகஸ்வரக்காரர்களுக்கும் முன்னால் அவரைத்தான் வைப்பேன். சாறு கொதிக்கத் தொடங்கியதும் சுண்ணாம்புத் தண்ணீரை அளவாக விடுவார். அழுக்கு கறுப்பு நுரையாக மேலே ஒதுங்கும். அதை அரிகரண்டியில் வழித்து எடுப்பதை வேறு ஆட்களிடம் விட்டுவிடுவார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் அவருக்கு அங்கே வேலையே இல்லாத மாதிரி இருக்கும். நுரை அடங்கி, கொப்புளங்கள் பெரிதாகி, மெதுவாக வெடிக்கத் தொடங்கும்போதுதான் எழுந்து வருவார்.

துடுப்பைப் பாகில் தோய்த்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடிப்பார். சொட்டு நீண்டு கம்பியாகி அறும். இன்னொரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீர்ச் சட்டியில் விட்டு விரலால் உருட்டி, சட்டியின் விளிம்பில் தட்டிப் பார்ப்பார். உருண்டை வெல்லத்துக்கு 118 டிகிரி செல்சியஸ் வாக்கில் இறக்கலாம் என்று புத்தகங்கள் சொல்கின்றன. தூள் சர்க்கரைக்கு இன்னும் கொஞ்சம் போக வேண்டும். அந்தக் ‘கொஞ்ச’த்துக்குள்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு டிகிரி குறைந்தால் சர்க்கரை நாலே மாசத்தில் கசியும். ஒரு டிகிரி கூடினால் தீய்ந்த வாசம் ஏறி, பிறகு எதனாலும் போகாது. பெரியவர் தெர்மாமீட்டரைத் தொட்டதில்லை. பாகு பதத்துக்கு வருவதற்கு முன்பே அடுப்பில் சக்கை போடுவதை நிறுத்தச் சொல்லிவிடுவார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

“தீய அணைச்சாலும் இரும்புக்குள்ள ஒரு தீ நிக்குமுங்க தம்பி. அதுக்கும் சேத்தித்தான் கணக்குப் போடோணும்.”

தொட்டியில் கொட்டியதும் பலகையை எடுத்துத் தேய்க்கத் துடிக்கிற இளவட்டங்களைக் கையமர்த்திவிடுவார். பாகு சும்மா கிடக்க வேண்டும். விளிம்பில் மங்கல் படர்ந்து உள்ளே நகரும். அது பாதித் தொட்டியைத் தாண்டியதும் தலையசைப்பார். அவசரப்பட்டால் மணல்போல் கரடாகிவிடும், தாமதித்தால் கட்டிதட்டிவிடும் என்பார். அவர் தலையசைத்த சர்க்கரையை நாக்கில் வைத்தால் முதலில் இனிப்பு, அடுத்து லேசான உப்பு, கடைசியில் அடிநாக்கில் ஒரு துளிக் கசப்பு. அந்தக் கசப்புக்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன். அது இல்லாத இனிப்பு எனக்குத் தட்டை.

கருப்பட்டிக் கட்சிக்காரர்கள் என் நண்பர்களில் நிறையப் பேர். சுக்குக் காப்பிக்குக் கருப்பட்டியை மிஞ்ச ஒன்றுமில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சந்தகையில் தேங்காய்ப்பாலை ஊற்றி மேலே தூவுவதற்குக் கருப்பட்டி ஆகாது. பனை வாசம் தேங்காய்ப்பாலை அடக்கிவிடும். நாட்டுச்சர்க்கரைதான் பாலோடு கரைந்தும் கரையாமலும் நிற்கும். ஒப்புட்டுக்கு அச்சுவெல்லம் போதும் என்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. அது பூரணத்தின் விஷயம், சர்க்கரையின் விஷயம் இல்லை.

ருசியைப் பிரித்துப் பார்ப்பதையே படிப்பாக எடுத்து என் மகள் ஒயின் படிக்கப் போனபோது சொந்தபந்தத்தில் பலருக்கு முகம் சுண்டியது. லண்டனில் 1969இல் தொடங்கப்பட்ட ஒயின் அண்டு ஸ்பிரிட் எஜுகேஷன் டிரஸ்ட் நடத்துகிற படிப்பு அது. மூன்றாம் நிலைப் பரீட்சையில் பெயர் சொல்லாமல் இரண்டு கோப்பைகளை வைப்பார்களாம். பார்த்து, முகர்ந்து, சுவைத்து, புளிப்பு எவ்வளவு, பின்சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எழுத வேண்டும். அதில் அவள் தேறியதும் எங்கள் வீட்டுக்கு ஒரு விசேஷ நாள்தான். என் சர்க்கரைக் கட்டுரை முதன்முதலாக அச்சில் வந்த நாளுக்குப் பிறகு நான் அப்படிச் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

அவள் வழியாகத்தான் போர்தோ பல்கலைக்கழகத்தின் ஆய்வு எனக்குத் தெரிந்தது. 2001இல் வெளியான ஆய்வு. வெள்ளை ஒயினில் வாசமில்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து, ஒயின் படிக்கிற 54 மாணவர்களிடம் கொடுத்தார்கள். செர்ரிப்பழம் அது இது என்று சிவப்பு ஒயினுக்கே உரிய வாசங்களை எழுதினார்கள். கண் சொன்னதை மூக்கு அப்படியே நம்பியிருக்கிறது. அதனால்தான் ஒயின்காரர்கள் சில சமயம் நிறம் தெரியாதபடி கறுப்புக் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றிக் குடித்துப் பார்க்கிறார்கள்.

“சர்க்கரைக்கும் அப்படிப் பண்ணிப் பாக்கலாங்கப்பா” என்றாள்.

லீவுக்கு வந்திருந்த ஒரு ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, சந்தகைத் தட்டுகளை வரிசையாக வைத்தாள். கடைத்தெருவில் வாங்கிய பளிச் மஞ்சள், பெரியவரின் ஆலைச் சர்க்கரை, இன்னும் இரண்டு. என் சம்சாரம் எப்போதும் மஞ்சள் கட்சி. அன்றைக்கு மஞ்சளை வாயில் வைத்துவிட்டு, “அஸ்காவப் போட்டு ஏமாத்தறயா அம்மிணி?” என்று கேட்டாள். அஸ்கா என்றால் வெள்ளைச் சீனி. பெரியவருடையதைச் சாப்பிட்டதும் ஒன்றும் பேசவில்லை, தட்டை நீட்டி இன்னொரு கரண்டி கேட்டாள். எங்கள் வீட்டு வழக்கு அன்றோடு தீர்ந்தது.

ஊர் வழக்கு தீரவில்லை. கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு 60 கிலோ மூட்டைகளாகச் சர்க்கரை வருகிறது. பழனி பஞ்சாமிர்தத்துக்குத் தேவஸ்தானம் இங்கேதான் கொள்முதல் செய்கிறது. விருப்பாச்சி மலைப்பழத்தோடு நம் சர்க்கரை சேர்ந்த பஞ்சாமிர்தத்துக்கு 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இவ்வளவு இருந்தும் மூட்டையைப் பிரித்ததும் சந்தை முதலில் பார்ப்பது நிறத்தைத்தான். பழுப்புக்கு ஒரு விலை, மஞ்சளுக்கு ஒரு விலை என்றால் ஆலைக்காரர் என்னதான் செய்வார்? கொதிக்கிற பாகில் ஹைட்ரோஸ் என்கிற கந்தக உப்பைத் தூவினால் கண்ணெதிரே வெளுத்துவிடும். அந்த வெளுப்பும் நிலைக்காது, மூட்டையில் கிடக்கக் கிடக்க நிறம் திரும்பிவிடும். ஒரு கிலோ வெல்லத்தில் கந்தக டை ஆக்சைடு 70 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. கடையில் கையை நீட்டுகிறவருக்கு அதை அளக்க வழியில்லை. அஸ்காவைக் கரைத்துக் காய்ச்சுவது இன்னொரு கேடு. அதில் இனிப்பு ஏறும், உப்பும் கசப்பும் ஓடிவிடும்.

பேரன் பிறந்தபோது சேனை வைக்கச் சர்க்கரையோடு நின்றேன். ஆறு மாசத்துக்குத் தாய்ப்பால் தவிர எதுவும் கூடாது என்று நர்ஸம்மா சொல்லிவிட்டார். அது சரியான பேச்சு, எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். ரெண்டாவது வயசில் குலதெய்வம் கோயிலில் காது குத்தினோம். அழுது ஓய்ந்தவன் வாயில் பொட்டுக்கடலையும் சர்க்கரையும் கலந்து ஒரு சிட்டிகை வைத்தேன். இனிப்பு பட்டதும் முகம் மலர்ந்தது. அப்புறம் புருவத்தைச் சுருக்கினான். கசப்பு வந்து சேர்ந்துவிட்டது! துப்பவில்லை. நாக்கைச் சுழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி கையைப் பிடித்து இழுத்தான். மகள் அதைப் பார்த்து, “பின்சுவை நல்லா நீளம்” என்று பரீட்சைக்கு எழுதுகிற மாதிரியே சொன்னாள்.

பெரியவர் இப்போது கொப்பரைப் பக்கம் வருவதில்லை, முட்டி ஒத்துழைக்கவில்லை. அவரிடம் பழகிய இரண்டு பேர் இருக்கிறார்கள், கை சுத்தம். பழுப்பாக வருகிறது என்று விலை அடிபடுகிறபோது அவர்களும் எத்தனை வருஷம் தாங்குவார்கள்? ஏலம் நடக்கிற இடத்தில் ஒரு மேசை, மூட்டைக்கு ஒரு சிட்டிகை, வாய் கொப்பளிக்கக் கொஞ்சம் வெந்நீர், கண்ணைக் கட்ட ஒரு துண்டு. இவ்வளவு வைத்தால் போதும். ருசி பார்க்கிறவர்கள் மதிப்பெண் போட்டபிறகு வியாபாரிகள் விலை கேட்கட்டும். கோபியிலும் கவுந்தப்பாடியிலும் நாக்கு தேர்ந்த ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். கூப்பிட்டால் நான் முதல் பஸ்ஸிலேயே வந்துவிடுவேன்.