ஷீசா: கூரை மேல் அமர்ந்த காவல் சிங்கம்

ஷீசா என்பது ஜப்பானின் தென்மேற்கே உள்ள ஒகினாவா தீவுகளில் வீட்டுக் கூரை, வாயில் தூண், ஊர் எல்லை ஆகிய இடங்களில் வைக்கப்படும் காவல் சிங்க உருவமாகும். தீயும் தீய ஆவிகளும் அண்டாமல் காப்பது அதன் வேலை. பழம்பொருள் விற்பனையில் இது பெரும்பாலும் 'ஜப்பானியக் காவல் சிங்கம்' என்ற பொதுப்பெயருக்குள் அடங்கிவிடுகிறது. ஜப்பானியக் கோயில் வாசல்களில் இணையாக நிற்கும் கோமாஇனுவும் அதே பெயரில் விற்பனைக்கு வருகிறது. இரண்டும் உறவுடையவைதாம், ஆனால் ஒன்றல்ல.

ஒகினாவாவில் சிங்கம் வாழ்ந்ததில்லை. பௌத்தத்தோடு இந்தியாவிலிருந்து சீனம் சென்ற சிங்க உருவம், அங்கிருந்து ரியூக்கியூ அரசுக்கு வந்தது. ஜப்பானிய மொழியில் 'ஷிஷி' எனப்படும் சிங்கம் தீவு மக்களின் பேச்சில் ஷீசா ஆயிற்று. சிங்கத்தை நேரில் காணாத கைகள் செய்த சிங்கம் இது. பாதி நாயாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

முதலில் இது அரசர்க்குரியதாகவே இருந்தது. 1501இல் ஷுரியில் கட்டப்பட்ட அரச கல்லறையான தாமாஉதூனின் மேலே கல் சிங்கங்கள் உள்ளன. அடுத்து ஊர்களுக்கு வந்தது. தோமோரி என்ற ஊரில் அடிக்கடி தீப்பிடித்ததால், நில அமைப்புச் சாத்திரம் அறிந்தவரிடம் மக்கள் யோசனை கேட்டனர். எதிரே தெரியும் யாஏசே மலையே தீக்குக் காரணம் என்றும், அதைப் பார்த்தபடி ஒரு சிங்கத்தை வைக்க வேண்டும் என்றும் அவர் சொன்னார். 1689இல் வைக்கப்பட்ட அந்தக் கல் சிங்கம், சுமார் 1.4 மீட்டர் உயரத்துடன் இன்றும் அங்கேயே இருக்கிறது. 1945ஆம் ஆண்டு ஒகினாவாப் போரில் அமெரிக்க வீரர்கள் இதன் பின்னால் மறைந்து நின்ற புகைப்படம் உண்டு. குண்டு பட்ட வடுக்களும் அதன் உடலில் உள்ளன.

ஷீசாவை மதிப்பிட விரும்புவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வியைத் தோமோரிச் சிங்கம் தருகிறது: இது எதைப் பார்க்கிறது? முக அழகோ செதுக்கு நுட்பமோ பிறகுதான். இதன் செதுக்கு வேலை எளியது, கால்கள் தடித்தவை. ஆயினும் ஒரு மலையை எதிர்த்து உட்கார்ந்திருக்கும் உறுதி அதில் உண்டு. அதைத் திருப்பி வைத்தால் அந்தப் பொருளே போய்விடும்.

வீட்டுக் கூரைக்கு இது தாமதமாகவே வந்தது. சாதாரண மக்கள் ஓட்டுக்கூரை போடக் கூடாது என்ற தடை 1889 வரை இருந்தது. தடை நீங்கியபின் சிவப்பு ஓடுகள் பரவின. புயலில் ஓடுகள் பறக்காதபடி இடைவெளிகளில் வெள்ளைச் சுண்ணாம்புச் சாந்து பூசப்பட்டது. வேலை முடிந்ததும் மிஞ்சிய சாந்தையும் உடைந்த ஓட்டுத் துண்டுகளையும் கொண்டு கூரை வேய்ந்த கொத்தனாரே ஒரு ஷீசாவைச் செய்து வைத்துவிடுவார். அவர் சிற்பி அல்லர், அச்சும் இல்லை. ஆகவே ஒன்றைப் போல் மற்றொன்று இராது. ஒன்று உறுமும், இன்னொன்று சிரிக்கும். இந்த வகையின் உயிர் இந்த முரட்டுத்தனத்தில்தான் இருக்கிறது. கடையில் வாங்கும் பளபளப்பான உருவங்களில் அது கிடைப்பது அரிது.

வாய் திறந்தது ஒன்று, மூடியது ஒன்று என இணையாக விற்கப்படுவதும் பழைய கூரை வழக்கம் அன்று. கூரை ஷீசா பெரும்பாலும் தனியாகவே அமரும். இணை என்பது கோமாஇனுவின் செல்வாக்கு. திறந்த வாய் ஆணா பெண்ணா என்பதில்கூட விளக்கங்கள் ஒத்துப்போவதில்லை. போருக்குப் பின் தட்டையான கான்கிரீட் வீடுகள் பெருகின. கூரையில் இடம் இழந்த ஷீசா வாயில் தூண்களுக்கு இறங்கியது. தூண்கள் இரண்டு என்பதால் இணை வசதியாயிற்று. நாஹா நகரின் ட்ஸுபோயா மண்பாண்டப் பட்டறைகள் அத்தேவைக்கு உருவங்களைச் செய்து தருகின்றன. இவற்றைப் போலி என்று தள்ளுவது நியாயமன்று. வீடு மாறியபோது காவலும் மாறியது.

பெயரறியாத கைவினைஞர் அன்றாடத் தேவைக்குச் செய்த பொருள்களின் அழகை 'மிங்கெய்', அதாவது மக்கள் கலை, என்று போற்றியவர் யானகி சோயெட்சு. 1936இல் தோக்கியோவில் அதற்கென அருங்காட்சியகம் அமைத்த அவர், பின்னர் ஒகினாவாவுக்கும் சென்று அதன் கைவினைகளைக் கொண்டாடினார். அவர் கண் கூரிய கண். ஆனால் கண்ணாடிப் பேழை கிண்ணத்துக்குப் பொருந்தும் அளவுக்கு ஷீசாவுக்குப் பொருந்தாது. கிண்ணத்தைப் பேழையிலிருந்து எடுத்து மீண்டும் பயன்படுத்தலாம். கூரையிலிருந்து பெயர்த்த ஷீசாவுக்குக் காக்க வேண்டிய வீடு இல்லை. பழம்பொருளாக அதை வாங்குவோர் வயதையும் விரிசலையும் பார்க்கின்றனர். எந்த ஊர், எந்தத் திசை என்பது விற்பனைச் சீட்டில் அரிதாகவே இருக்கும்.

சிவப்பு ஓட்டு வீடுகள் பாதுகாக்கப்படும் தாக்கெதோமி தீவில் ஷீசாக்களை இன்றும் கூரை மேலேயே காணலாம். அங்கே கூரைகள் தாழ்ந்தவை. தெருவில் நடப்பவர் சற்றே தலை நிமிர்த்தினால் போதும், மேலிருந்து அது அவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.