இரசிகனின் நினைவும் விமர்சனத்தின் கடனும்

தம் இளமைக்கால யாழ்ப்பாணத்தை மீட்டெழுதிய நூலொன்றுக்கு எஸ். பொன்னுத்துரை 'நனவிடை தோய்தல்' எனப் பெயரிட்டார். ஈழத்து எழுத்துலகில் அத்தொடர் இன்று ஒரு கலைச்சொல்லாகவே நிலைபெற்றுவிட்டது. ஆயின், சென்ற காலத்திலே இவ்வாறு தோய்ந்தெழுவோர் எழுத்தாளர் மட்டுமல்லர். பேனாவைத் தொட்டறியாத ஆயிரமாயிரம் பேர், தாம் பார்த்த படங்களையும் கேட்ட பாடல்களையும் வானொலிக் குரல்களையும் துணைக்கொண்டு நாள்தோறும் நனவிடை தோய்கின்றனர். 'அந்தக் காலத்துப் படம்' என ஒருவர் தொடங்கினால், அருகிலிருப்பவர் அதனைத் தொடர்கிறார். இத்தகைய இரசிக நினைவுக்கு விமர்சன நோக்கிலே யாதேனும் பெறுமதி உண்டா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

இவ்வினாவுக்கு வழமையாக இருவகை விடைகள் கூறப்படுகின்றன. ஜனரஞ்சகக் கலைமீது ஐயங்கொண்டோர், இரசிக நினைவு வெறும் மயக்கம் என ஒதுக்குவர். இரசிகரோ, அந்நினைவே அக்காலத்தின் பொன்மைக்குச் சான்று என்பர். இரண்டு நிலைப்பாடுகளும் நினைவை முழுமையாக விசாரிக்காமலே தீர்ப்பு வழங்குவன. ஒரு சாட்சியை விசாரிக்கும்போது அவர் கண்டதை மட்டுமன்றி அவர் காணத் தவறியதையும் கேட்டறிதல் வேண்டும்.

ஒருகொடவத்தையிலே வாழும் முதிய தமிழ் இரசிகர் ஒருவரை உதாரணத்துக்காக எண்ணிப் பார்க்கலாம். பேஸ்லைன் வீதி களனிப் பாலத்தை நோக்கிச் செல்லும் வழியிலே, கொள்கலன் வண்டிகளுக்கும் களஞ்சியசாலைகளுக்கும் இடையில் அமைந்த உழைப்பாளர் பகுதி அது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அயலவராய் வாழும் இடம். அத்தகைய இரசிகருக்குக் கொட்டாஞ்சேனைச் செல்லமஹால் அண்மையிலிருந்த படமாளிகை. வெள்ளவத்தைப் பிளாசாவும் சவோயும் நகரின் மறுமுனையைச் சேர்ந்தவை. அரசாங்க உத்தியோகத்தர் குடும்பங்கள் செறிந்த வெள்ளவத்தையின் சினிமா நினைவும், துறைமுகத்தையும் கடைத்தெருவையும் அண்டிய வடகொழும்பின் சினிமா நினைவும் ஒன்றாயிருத்தல் இயலாது. ஒரே படத்தைக் குறித்தே பேசினும், இருவரும் பேசுவது இருவேறு அனுபவங்களையே. இரசிக நினைவின் முதற் பெறுமதி இதுவாகும். படத்தின் கதையைப் பிரதியிலே காணலாம். அப்படம் எவரால், எங்கிருந்து, எத்தகைய வாழ்க்கையின் நடுவே பார்க்கப்பட்டது என்பதை நினைவே உரைக்கவல்லது.

தமிழர் அனைவரும் சாதி வேறுபாடின்றி ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதலாவது கலையரங்கு சினிமாக் கொட்டகையே என்னும் கருத்தைப் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி முன்வைத்துள்ளார். கோயிலும் சதிரும் கூத்தும் பேணிய எல்லைகளைக் கொட்டகை பேணவில்லை. அங்கும் வகுப்பு வேறுபாடு இருந்தது. கலரியும் பல்கனியும் அதற்குச் சான்று. ஆனால் அங்கு இருக்கையைத் தீர்மானித்தது பிறப்பன்று, பணமே. இரசிகர் தம் முதற் படத்தை விவரிக்கும்போது கதாநாயகனின் வாள்வீச்சோடு தாம் கலரியில் இருந்தமையையும் சேர்த்தே விவரிக்கிறார். அவர் அறியாமலே ஒரு சமூக வரலாற்றுக் குறிப்பை நமக்குத் தந்துவிடுகிறார்.

இலங்கை இரசிகருக்கே உரிய இன்னொரு பண்பும் ஈண்டு நோக்கற்பாலது. அவருடைய சினிமா கண்ணாற் பார்த்ததைவிடக் காதாற் கேட்டதாகவே பெரிதும் இருந்தது. 1952 தொடக்கம் இந்தியத் தகவல், ஒலிபரப்பு அமைச்சராயிருந்த பி. வி. கேஸ்கரின் காலத்திலே அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியபோது, 1950இல் ஆரம்பமான இலங்கை வானொலியின் வர்த்தக சேவை அவ்வெற்றிடத்தை நிரப்பிற்று. எஸ். பி. மயில்வாகனத்தின் குரலைத் தமிழ்நாட்டாரும் காத்திருந்து கேட்டனர். பின்னாளிலே கே. எஸ். ராஜாவின் விரைந்த கம்பீரக் குரலும், பி. எச். அப்துல் ஹமீட்டின் தெளிந்த உச்சரிப்பும் திரைப்படத்தை வீட்டுத் திண்ணைக்கே கொணர்ந்தன. 'பொங்கும் பூம்புனல்' கேட்டே விடிந்த காலைகள் பலருக்கு உண்டு. 'பாட்டுக்குப் பாட்டு' கேட்போரைப் போட்டியாளர் ஆக்கிற்று. படம் வந்துசேரும் முன்னரே அதன் பாடல்கள் மனப்பாடமாகியிருந்தன. எனவே படமாளிகைக்குட் புகுந்த இரசிகர் புதியதொன்றைக் காணச் சென்றவரல்லர். முன்பே தம்முள் ஒலித்துக்கொண்டிருந்த ஒன்றுக்கு உருவம் தேடிச் சென்றவர்.

1972இலே அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் செயற்படத் தொடங்கியதும் படங்களின் இறக்குமதியும் விநியோகமும் அதன் ஆளுகைக்குட்பட்டன. சென்னையிலே வெளியான படத்துக்காக இங்கு காத்திருக்க நேர்ந்தது. காத்திருத்தல் ஆவலை வளர்த்தது. பழைய படங்கள் மீண்டும் மீண்டும் திரையிடப்பட்டமை பற்றினை இறுக்கிற்று. இவ்வகையிலே ஈழத்து இரசிகரின் பற்று, தமிழ்நாட்டு இரசிகரின் பற்றினது வெறும் நிழலன்று. எம். ஜி. ஆர். நாவலப்பிட்டியிலே பிறந்தவர் என்பதை இங்குள்ளோர் நினைவூட்டத் தவறுவதில்லை. 1965இல் அவர் சரோஜாதேவியுடன் இலங்கைக்கு வருகைதந்தமை, நேரிற் கண்டோராற் குடும்பச் செய்திபோலப் பேசப்பட்டது. தொலைவிலிருந்த நட்சத்திரத்தைத் தம் மண்ணோடு பிணைக்கும் முயற்சி இதிலே புலனாகிறது.

இதுவரை கூறியவை இரசிக நினைவு தருவன. இனி, அது தராதவற்றைக் கருதுதல் வேண்டும்.

1962இலே ஹென்றி சந்திரவன்சவின் 'சமுதாயம்' பதினாறு மில்லிமீற்றர்ச் சுருளிலே உருவானது. 1963இலே மலையகத்தைக் களமாகக் கொண்ட 'தோட்டக்காரி' வெளிவந்தது. 1972இலே வி. எஸ். துரைராஜா 'குத்துவிளக்கு' படத்தைத் தயாரித்தார். 1978இலே செங்கை ஆழியானின் நாவல் 'வாடைக்காற்று' என்னும் பெயரிலேயே படமாயிற்று. 'அந்தக் காலத்துப் படங்கள்' எனப் பெருமூச்செறியும் இரசிகரின் பட்டியலிலே இவற்றுள் எத்தனை இடம்பெறுகின்றன? பெரும்பாலும் ஒன்றேனும் இடம்பெறுவதில்லை.

இவ்வகையிலே 'பொன்மணி' தனித்து ஆராயத்தக்கது. காவலூர் ராஜதுரையின் எழுத்தில், தர்மசேன பத்திராஜாவின் நெறியாள்கையில் 1977இலே உருவான படம் அது. சிங்களத் திரையுலகிலே 1974இல் 'அஹஸ் கவ்வ' மூலம் புதுநெறி காட்டிய பத்திராஜா, யாழ்ப்பாணச் சமூகத்தின் சாதியையும் சீதனத்தையும் நிதானமாக நோக்கினார். பல்கலைக்கழகச் சூழலைச் சேர்ந்தோர் சிலரும் அதில் நடித்தனர். தம் வீட்டு முற்றத்தையும் தம் பேச்சையும் தமிழர் திரையிற் காணக்கிடைத்த அரிய வாய்ப்பு அது. எனினும் படமாளிகையில் அது வெற்றி பெறவில்லை. சென்னைப் படத்தின் வேகத்துக்கும் ஆரவாரத்துக்கும் பழகிய இரசிகருக்கு அதன் மௌனம் சோர்வாகத் தோன்றியிருத்தல் கூடும். இன்று விமர்சகர் அதனைப் போற்றுகின்றனர். அதனைப் பார்க்கச் செல்லாதிருந்தமையை நினைவுகூரும் இரசிகரையோ காண்டல் அரிது. நாம் நேசித்தவற்றை நினைவில் வைக்கிறோம். நிராகரித்தவற்றை, நிராகரித்தோம் என்பதையும் சேர்த்தே மறந்துவிடுகிறோம்.

குற்றம் முழுவதையும் இரசிகர்மீது சுமத்துதல் நேர்மையாகாது. சிறிய சந்தை, போதாத மூலதனம், சென்னைப் படங்களின் நட்சத்திர பலம், விநியோகத் தடைகள் என்பன ஈழத்துப் படங்களை நெருக்கின. அவற்றுட் சில, சென்னைப் பாணியையே குறைந்த வசதியோடு பின்பற்றித் தோற்றன. மறுபுறத்திலே, 1976இல் வந்த 'கோமாளிகள்' மக்களின் நல்வரவேற்பைப் பெற்றது. வானொலி நாடகத்திலிருந்து பிறந்த படம் அது. மரைக்காராக ராமதாஸ், உபாலியாகச் செல்வசேகரன், அப்புக்குட்டியாக ராஜகோபால் எனப் பாத்திரப் பெயர்களே நடிகர்களின் பட்டப்பெயர்களாயின. பலவகைப் பேச்சுமொழிகள் ஒன்றோடொன்று மோதும் அச்சிரிப்பு, ஒருகொடவத்தை போன்ற பகுதிகளிலே அன்றாடம் கேட்கும் சந்தடியின் எதிரொலியே. இரசிகரின் செவியை முன்பே வென்றிருந்த படத்துக்கு அவரது கண்ணை வெல்லுதல் கடினமாயிருக்கவில்லை. எனவே, தம் மண்ணின் படத்தை இரசிகர் அடியோடு வெறுத்தார் என்றல் பொருந்தாது. பழக்கம் கதவைத் திறந்துவைத்த இடத்திலே அவர் நுழைந்தார். பழக்கமற்ற இடத்திலே தயங்கினார். பழக்கமற்றதை நோக்கி அவரை அழைத்துச் செல்லவேண்டிய விமர்சனம் அக்காலத்தில் எங்கே நின்றது என்பதும் கேட்கப்படவேண்டிய வினா. இலக்கியத்துக்குக் காட்டிய அக்கறையிலே சிறுபங்கையேனும் பல்கலைக்கழகங்கள் திரைப்படத்துக்குக் காட்டினவா?

இரண்டாவது மௌனம் இதனினும் கடியது. சிங்களத்தின் முதலாவது பேசும்படமான 'கடவுனு பொறொந்துவ' 1947இலே எஸ். எம். நாயகம் என்னும் தமிழராலேயே தயாரிக்கப்பட்டது. ஹெந்தளையிலே விஜயா கலையகத்தை நடத்தி, சிங்களத் திரைத்தொழிலின் பெருந்தூண்களுள் ஒருவராய் நின்றவர் கே. குணரத்தினம். 1983 யூலையிலே அக்கலையகம் எரியூட்டப்பட்டது. பல படங்களின் மூலச் சுருள்கள் அழிந்தன. 1989இலே குணரத்தினம் கொழும்பிலே சுட்டுக்கொல்லப்பட்டார். 'எல்லோரும் ஒன்றாயிருந்து படம் பார்த்த காலம்' என்னும் இனிய வாக்கியம், அக்காலம் எவ்வாறு முடிந்தது என்பதைச் சொல்லாமலே நின்றுவிடுகிறது. 1982இலே ரூபவாஹினி வந்தது, ஒளிநாடாவும் பரவிற்று. தொலைக்காட்சியே மக்களைக் கொட்டகையிலிருந்து பிரித்தது என நினைவு கூறுகிறது. அது ஒரு காரணமே. இரவுக்காட்சி முடிந்து வீடு திரும்பும் பாதையிலே அச்சம் குடிபுகுந்ததும் ஒரு காரணம் அன்றோ?

அவ்வாறாயின் நனவிடை தோய்தல் கசப்பாகவே இருத்தல் வேண்டுமா? அன்று. மட்டக்களப்பின் அமிர்தகழியிலே பிறந்த பாலு மகேந்திராவின் 'அழியாத கோலங்கள்' 1979இல் வெளிவந்தது. ஆசிரியை ஒருவரின் மரணச் செய்தி, வளர்ந்த மனிதனொருவனைத் தன் பள்ளிப் பருவத்துக்கு இட்டுச்செல்கிறது. அப்பருவத்தின் குறும்பும் மோகமும் இனிமையாகவே காட்டப்படுகின்றன. ஆனால் நண்பர் மூவருள் ஒருவனை நீர் கொண்டுபோவதையும் படம் மறைக்கவில்லை. இனிமையும் இழப்பும் ஒரே ஆற்றங்கரையில் நிற்கின்றன. 1988இலே இத்தாலிய நெறியாளர் ஜுசெப்பே தொர்னாத்தோரே உருவாக்கிய 'சினிமா பரதீசோ' படமாளிகையைக் குறித்த நினைவையே பொருளாகக் கொண்டது. அதன் முடிவிலே நாயகன் காண்பது தான் சிறுவயதிற் பார்த்த படங்களையன்று. அவற்றிலிருந்து பாதிரியாரின் கட்டளைப்படி வெட்டியெறியப்பட்ட முத்தக் காட்சிகளின் தொகுப்பை. காட்டப்பட்டவற்றோடு வெட்டப்பட்டவையும் சேரும்போதே நினைவு முழுமை பெறுகிறது என்பதை இதனினும் தெளிவாகக் கூறல் அரிது.

பற்று இவ்வாறு பொறுப்பாக மாறிய சான்றுகள் தமிழிலும் உள. 1958இலே 'நாடோடி மன்னன்' மூலம் தமிழ்த் திரையின் மக்கள் தொடர்பாளராக அறிமுகமான பிலிம் நியூஸ் ஆனந்தன், படங்களின் விவரங்களையும் நிழற்படங்களையும் ஆயுள் முழுவதும் சேகரித்தார். அவரின்றித் தமிழ்ப்பட வரலாற்றின் பல பக்கங்கள் வெறுமையாகியிருக்கும். ஈழத்திலே தம்பிஐயா தேவதாஸ் 'இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதை'யை எழுதினார். பலர் மறந்த படங்களையும், அவற்றுக்காகக் கைப்பொருளிழந்த தயாரிப்பாளரையும், முகமறியாது போன நடிகரையும் அவர் பதிவுசெய்தார். இவ்விருவரையும் இயக்கியது இரசிகப் பற்றே. ஆயின் அப்பற்று தனக்குப் பிடித்ததோடு நின்றுவிடவில்லை. வென்ற படத்துக்கும் தோற்ற படத்துக்கும் ஏட்டிலே ஓரிடம் அளித்தது. இரசிகருக்கும் ஆவணகாரருக்கும் இடையிலான தூரம் இவ்வளவே.

ஈழத்துத் தமிழ்ப் படங்கள் பலவற்றைத் திரையிற் காணும் வாய்ப்பு இன்றைய மாணவருக்கு எளிதிற் கிட்டுவதில்லை. எஞ்சியிருப்பது அவற்றைக் கண்டோரின் நினைவு. ஒருகொடவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் அந்நினைவைச் சுமப்போர் ஆண்டுக்காண்டு குறைந்து வருகின்றனர். அவர்களது பரவசத்தை எள்ளிநகையாடுதல் அறிவுடைமையன்று; அதனை அப்படியே வழிமொழிதலும் ஆய்வன்று. எப்படத்தை, எங்கே, எவருடன், எவ்விருக்கையிலிருந்து கண்டீர்கள் எனக் கேட்டெழுதுதல் வேண்டும். அதன்பின், எப்படத்தைக் காணாது விட்டீர்கள், ஏன் எனவும் கேட்டல் வேண்டும். முதல் வினாவுக்கு விடை உற்சாகமாக வரும். இரண்டாவதற்கு விடை வரத் தாமதமாகலாம். அத்தாமதத்தைப் பொறுத்திருந்து கேட்பதே விமர்சனத்தின் கடன்.