ஆறு: அவளா, அதுவா?

கல்வராயன் மலையில் பிறந்து, கச்சிராயபாளையம் அணையைத் தாண்டிக் கள்ளக்குறிச்சிப் பக்கம் ஓடிவருகிற கோமுகி ஆற்றை வைத்து நான் ஒரு கதை எழுதியிருந்தேன். அன்பர் ஒருவர் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கையெழுத்துப் பிரதியை அனுப்பியிருந்தார். சரளமான நடைதான். ஆனால் ஆறு வருகிற இடமெல்லாம் 'ஷீ' என்று போட்டிருந்தார். நதிகள் நமக்குப் பெண்கள் அல்லவா என்பது அவர் கட்சி.

சிலப்பதிகாரத்துக் கானல்வரி காவிரியைப் பெண்ணாகவே பாடுகிறது, மறுக்கவில்லை. ஆனால் அங்கே காவிரியை முன்னிலைப்படுத்திப் பாடுகிறார்கள். முன்னிலை வினைக்குத் தமிழில் திணை வேற்றுமை இல்லை. மனிதனையும் மாட்டையும் 'வந்தாய்' என்றே சொல்லலாம். படர்க்கையில்தான் தீர்மானம் செய்தாக வேண்டும். என் கதையில் வரும் குடியானவப் பெண், "ஆறு வந்துடுச்சு, மாட்ட ஓட்டியாடா" என்று மகனைக் கூப்பிடுகிறாள். அவளுக்குக் கவலை மாட்டைப் பற்றி. அங்கே 'ஷீ' போட்டால் அவள் கையில் கற்பூரத் தட்டைக் கொடுத்துவிடுகிறோம்.

அதே பெண் தன் மகளைப் பற்றி, "அது இன்னும் சாப்பிடல" என்கிறாள். இங்கே நண்பர் 'இட்' போடவில்லை. போட்டிருந்தால் தாய் கல்நெஞ்சக்காரி ஆகியிருப்பாள். "கள்ளக்குறிச்சியே சிரித்தது" என்ற இடத்திலும் ஊரை விட்டுவிட்டு மனிதர்களைச் சிரிக்க வைத்திருக்கிறார். இவ்வளவு தெரிந்தவர் ஆற்றிடம் மட்டும் ஏன் சூத்திரம் பார்த்தார்?

உவப்பு, உயர்வு, சினம் முதலிய காரணங்களால் திணை மயங்கலாம் என்று பவணந்தியார் நன்னூலில் இடம் கொடுத்திருக்கிறார். அதாவது, பொருள் எது என்பதோடு, சொல்பவர் மனம் எப்படி இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஆங்கிலத்திலும் இது கல்லில் வெட்டிய விஷயம் அல்ல. கப்பலை வெகுகாலம் 'ஷீ' என்றே எழுதிவந்த லண்டன் 'லாய்ட்ஸ் லிஸ்ட்' பத்திரிகை 2002இல் 'இட்'டுக்கு மாறிவிட்டது.

என் கதையில் ஆறு ஒரே ஓர் இடத்தில்தான் பெண்ணாகிறது. வெள்ளம் மாட்டை அடித்துக்கொண்டு போன பிறகு, "வாரிக்கிட்டுப் பூட்டாளே, பாவி!" என்று அவள் மண்ணை வாரித் தூற்றுகிறாள். முதல் பக்கத்திலிருந்தே 'ஷீ' என்று வந்தால் இந்த இடம் எப்படி உறைக்கும்? கதையே அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

இதை நண்பருக்கு எழுதினேன். மற்ற இடங்களைத் திருத்தி, அந்த ஓர் இடத்தை மட்டும் அப்படியே விட்டு அனுப்பிவிட்டார். மகளைச் சொன்ன 'அது'வுக்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை. 'ஷீ' என்று படிக்கும்போதெல்லாம் அந்தத் தாயின் குரலில் ஏதோ குறைகிறது.