‘தொமாகே சாய்’: பாடல்மொழியும் பெயர்ப்பின் எல்லையும்

சுமன் சட்டோபாத்யாய (2000 முதல் கபீர் சுமன்) தாமே எழுதி, இசையமைத்துப் பாடிய ‘தொமாகே சாய்’ என்னும் முதல் தனித்தொகுப்பு 1992இல் கொல்கத்தாவில் எச்.எம்.வி. முத்திரையுடன் வெளிவந்தது. இதனை வங்கப் பாடல் வரலாற்றின் திருப்பமாகக் கருதுவோர் கிதாரையும், பீட் சீகர், பாப் டிலன் ஆகியோரின் செல்வாக்கையுமே பெரிதும் பேசுவர். அவற்றினும் நோக்கத்தக்கது அதன் மொழி.

தலைப்பையே எடுத்துக்கொள்ளலாம். வங்கத்தில் ‘சாய்’ எழுவாய் ஏற்கும் வினை. ‘ஆமி’ (நான்) தொக்கு நிற்க, தன்மை விகுதியில் மட்டுமே உள்ளது. செயப்படுபொருளே முதலிடம் பெறுகிறது. தமிழின் ‘வேண்டும்’ நான்காம் வேற்றுமை ஏற்பது. ‘எனக்கு நீ வேண்டும்’ என்றால், மூலம் மறைத்த ‘நான்’ தலைப்பிலேயே முன்வந்து விடுகிறது. ‘உன்னை விரும்புகிறேன்’ என்பது இலக்கணத்தால் நெருங்கினும் வெறுங் காதலுரையாகக் குறுகிவிடும். ‘நீ வேண்டும்’ என்பதே ஏற்புடையது; வேண்டுவது யார் என்பது அதில் தெளிவாகாது, எனினும் பல்லவிக்கு அது குறையன்று. ‘துய், துமி, ஆப்னி’ என்னும் மூன்று நிலைகளுள் நடுவணதாகிய ‘துமி’யின் நெருக்கமும் மதிப்பும் ‘நீ’யில் ஒருங்கே அமைவதில்லை என்பது வேறு இழப்பு.

இதனினும் பெரிய சிக்கல் நடை பற்றியது. 1914இல் தொடங்கிய ‘சபுஜ் பத்ர’ இதழின்வழிப் பிரமத சௌதுரி முன்னெடுத்த சலித் நடை எழுத்தில் நிலைபெற்றுவிட்டமையால், சுமனின் தெருப்பேச்சு ஏட்டு வங்கத்திற்கு அயலாவதில்லை. தமிழிலோ இரட்டை வழக்கு இன்றும் நிலவுகிறது. எழுத்து நடையில் பெயர்த்தால் ரிக்சா ஓட்டும் சிறுவன் செய்தி வாசிப்பவனாகி விடுவான். பேச்சு நடையில் பெயர்த்தால், மூலத்தில் இல்லாத வட்டாரமும் சாதியும் அவன்மேல் ஏறும். நடுவழி ஒன்று இருப்பதாகச் சொல்வது ஆறுதலே. சென்னைப் பேச்சைத் துணிந்து கொள்வதே மேல். அவன் அண்ணாந்து பார்க்கும் ‘பேட்காட்டி’, ‘சாந்தியால்’ ஆகியவை பட்ட வகைகளின் பெயர்கள். காற்றாடி, மாஞ்சா எனச் சொல்வளம் உடைய அவ்வழக்கில் இப்பெயர்களை அப்படியே வைத்தாலும் உறுத்தா.

‘தஷ் ஃபுட் பை தஷ் ஃபுட்’ என்னும் தலைப்பில் வங்க எண்ணும் ஆங்கில அளவும் இயல்பாகக் கலக்கின்றன. (அரசு ‘பிதான்நகர்’ எனப் பெயரிட்டும் மக்கள் வாயில் சால்ட் லேக்காகவே வழங்கும் பகுதியை உடைய நகரில் இதில் வியப்பில்லை.) தமிழில் ‘பத்துக்குப் பத்து’ என்றாலே போதும், நெருக்கடியான குடியிருப்பு கண்முன் நிற்கும். இங்குப் பெயர்ப்பு மூலத்தினும் சிக்கனமானது.

‘தின் ஷதகேர் ஷஹர்’ அத்தகையதன்று. வடமொழி ‘ஷதக’மும் பாரசீக ‘ஷஹ’ரும் அருகருகே நின்று மூன்று நூற்றாண்டு நகரின் கலப்பைக் காட்டுகின்றன. ‘முந்நூறாண்டு நகரம்’ பொருளைத் தரும். அந்தக் கலப்பைத் தராது.