சொல்லும் படமும் பிரியாத இடம்: சார்லோட் சாலமோனின் படைப்பும் மொழிபெயர்ப்பும்

பெர்லினில் 1917இல் பிறந்து 1943இல் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்ட யூத ஓவியர் சார்லோட் சாலமோனின் 'லேபன்? ஓடர் தெயாட்டர்?' என்னும் படைப்பு ஓவியமாக மட்டும் நோக்கத்தக்கதன்று. தென்பிரான்சில் அடைக்கலம் புகுந்திருந்தபோது, 1940 முதல் 1942 வரையிலான காலத்தில், சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய மூன்று வண்ணங்களை அடிப்படையாகக் கொண்டு அவர் தீட்டி எண்ணிட்ட 769 தாள்களில் படமும் உரையும் மெட்டுக் குறிப்பும் ஒன்றாக இயங்குகின்றன. தலைமுறைதோறும் தொடர்ந்த துயரே இதன் பொருள். அத்துயர் மொழியின் வழியாகவே கையளிக்கப்பட்டது என்பது மொழியியலார் கருதத்தக்கது.

சாலமோனின் தாய் 1926இல் தற்கொலை செய்துகொண்டார். எட்டு வயதுக் குழந்தைக்குச் சொல்லப்பட்டதோ இன்புளுவென்சா காய்ச்சல் என்ற சொல். வானுலகம் சென்று அங்கிருந்து கடிதம் அனுப்புவதாகத் தாய் முன்பே வாக்களித்திருந்ததும், குழந்தை கடிதத்திற்காகக் காத்திருந்து ஏமாந்ததும் படைப்பில் இடம்பெறுகின்றன. தாயின் தங்கையும் 1913இல் தற்கொலை செய்துகொண்டவர். அவருடைய பெயரே குழந்தைக்கு இடப்பட்டது. 1940இல் பாட்டியும் அவ்வாறே உயிரை மாய்த்துக்கொண்ட நாட்களில்தான் தாத்தாவின் வாயிலாக உண்மை வெளிப்பட்டது. ஆக, பெயர் கையளிக்கப்பட்டது. பெயரின் வரலாறு மறைக்கப்பட்டது.

இம்மறைப்பை எடுத்துரைக்கும் முறை படைப்பின் வடிவத்திலேயே அமைந்துள்ளது. தொடக்கப் பகுதியில் உரை, படத்தின் மேல் வைக்கப்படும் ஒளி ஊடுருவும் தனித்தாளில் எழுதப்பட்டுள்ளது. மேல்தாளை நீக்கினால் படம் மட்டும் நிற்கும். வைத்தால் சொல்லின் ஊடாகவே படத்தைக் காண இயலும். பிற்பகுதிகளில் எழுத்து படத்தின் மீதே தூரிகையால் தீட்டப்படுகிறது. இறுதியை நெருங்குகையில் எழுத்தே தாளை நிறைக்கிறது. மறைக்கப்பட்ட சொல் வெளிப்பட வெளிப்படச் சொல்லுக்கும் காட்சிக்கும் உள்ள இடைவெளி அழிகிறது எனலாம். எனவே உரையைப் பெயர்த்துப் படத்தின் அடியில் விளக்கக் குறிப்பாக அச்சிடும் பதிப்பு, பொருளைத் தந்து வாதத்தை இழக்கிறது.

தலைப்பின் பெயர்ப்பும் இத்தகையதே. 1963இல் தெரிந்தெடுத்த படங்களுடன் வந்த ஆங்கில நூல் இதனை 'படங்களில் ஒரு நாட்குறிப்பு' என்றது. நாட்குறிப்பில் ஐயத்திற்கு இடமில்லை. 1981இல் வந்த விரிந்த ஆங்கிலப் பதிப்பின் தலைப்பில் வினாக்குறி ஒன்றே எஞ்சியது. மூலத்தில் 'வாழ்வு' என்பதன் பின்னும் வினாக்குறி உண்டு. அது 'நாடகம்' என்னும் மாற்று வருமுன்னரே வாழ்வைத் தனித்து ஐயுறுகிறது. தமிழில் 'வாழ்வா நாடகமா' என ஆகார வினாவை இருமுறை இட்டால் இரண்டில் ஒன்றைத் தேர்க என்பதே பொருளாகும். 'வாழ்வா? அல்லது நாடகமா?' என நிறுத்தம் கொடுத்துப் பெயர்ப்பதே மூலத்திற்கு அணுக்கமானது.

சாலமோன் தம்மைச் 'சார்லோட் கான்' எனப் பெயர் மாற்றிப் படர்க்கையில் வைக்கிறார். ஜெர்மன் படர்க்கைப் பெண்பால் பெயர் உயர்வொருமையை வேறுபடுத்துவதில்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளரோ 'அவள்', 'அவர்' என்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். குழந்தைப் பருவம் முழுவதும் 'அவள்' என எழுதி, பின்னர் எவ்விடத்தில் மாறுவது, அல்லது மாறாதிருப்பது, என்பது இலக்கணச் சிக்கல் மட்டுமன்று, விளக்கவுரையும் ஆகும். மெட்டுக் குறிப்புகளும் அவ்வாறே. பழைய தமிழ் நாடகப் பாட்டுப் புத்தகங்களில் வர்ணமெட்டுக் குறிப்பு மெட்டை அறிந்த வாசகரை நம்பியே இடப்பட்டது; இங்கும் அறியாதார்க்கு அந்தத் தாள் ஊமையாகிறது.

குறை ஒன்று சுட்டத்தக்கது. குரற்பயிற்சி ஆசிரியர் ஆல்ஃபிரட் வோல்ஃப்சோனை மாதிரியாகக் கொண்ட 'டாபர்லோன்' பேசும் நடுப்பகுதி மிக நீள்கிறது. உரையை மட்டும் படிப்போர் சலிப்புறுவர். ஆனால் ஒரே முகம் தாள் முழுவதும் திரும்பத் திரும்ப வரையப்பட்டிருப்பதைக் கண்டால், ஓயாத பேச்சின் மீதான எள்ளலும் அதில் உண்டெனத் தோன்றுகிறது. முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளிலிருந்து மீண்ட அவ்வாசிரியர் குரலை மீட்டெடுத்தலே வாழ்வை மீட்டெடுத்தல் எனக் கற்பித்தவர். மாணவி அதனைத் தூரிகையால் செய்தார். மேல்தாளையும் கீழ்த்தாளையும் ஒருசேரப் பெயர்க்கும் பதிப்பே அக்குரலுக்கு நேர்மை செய்வதாகும்.