பெயர் சுட்டிய துயரம்
டெட்ராய்ட்டில் இரு ஓவியர்

கணவனும் மனைவியும் ஒரே கலையில் வல்லவர். ஒரே ஊரில், ஒரே ஆண்டில், ஒரே இழப்பை எதிர்கொண்டவர். அவ்விழப்பு இருவர் கலையிலும் ஒருபடித்தாக வெளிப்படுமா? இவ்வினாவை ஆராய்வார்க்கு அரிய வாய்ப்பொன்று 2015ஆம் ஆண்டில் கிட்டியது. மெக்சிகோ நாட்டு ஓவியர் டியேகோ ரிவேரா, அவர்தம் மனைவி பிரீடா காலோ ஆகிய இருவரும் டெட்ராய்ட் நகரில் வாழ்ந்த காலத்தை மையமாகக் கொண்ட கண்காட்சி, அந்நகரக் கலைக்கூடத்தில் மார்ச்சு 15 முதல் சூலை 12 வரை நடைபெற்றது.

நடைபெற்ற இடமும் சூழலும் நினைவிற் கொள்ளத்தக்கவை. 2013 சூலையில் டெட்ராய்ட் மாநகராட்சி திவால் அறிவிப்புக் கோரி நீதிமன்றத்தை அணுகியது. கடன்காரர்களின் பார்வை கலைக்கூடத்துச் செல்வங்களின் மேல் விழுந்தது. ஓர் ஓவியமும் விலைபோகாமல் 2014 டிசம்பரில் அந்நெருக்கடி நீங்கிற்று. நீங்கிய மூன்றே திங்களில் இக்கண்காட்சி திறக்கப்பட்டது. அந்நகர் தன் கதையைத் தானே மீளப் படித்துக்கொண்ட நிகழ்ச்சி இது எனலாம்.

1932 ஏப்பிரலில் இருவரும் டெட்ராய்ட் வந்து சேர்ந்தபோது டியேகோவுக்கு வயது 45, பிரீடாவுக்கு 24. மணம் முடிந்து மூன்றாண்டு நிறையவில்லை. போர்டு மோட்டார் நிறுவனத் தலைவர் எட்செல் போர்டின் கொடையால் கலைக்கூடத்து முற்றச் சுவர்களில் ஓவியந் தீட்டவே டியேகோ அழைக்கப்பட்டிருந்தார். அவர் உலகறிந்த கலைஞர். பிரீடாவோ ஊராரின் கண்ணுக்கு அவருடன் வந்த மனைவி, அவ்வளவே. 1933இல் உள்ளூர் நாளேடொன்று அவரைப் பற்றி எழுதியபோது, பெரிய ஓவியரின் மனைவி பொழுதுபோக்காகத் தூரிகை பிடிக்கிறார் என்னும் பொருள்படவே தலைப்பிட்டது. இன்று நிலைமை தலைகீழ். உலகெங்கும் முதலில் நினைக்கப்படும் பெயர் பிரீடாவினுடையது. புகழின் இந்த ஏற்ற இறக்கத்தை ஒதுக்கி, ஓவியங்களை மட்டும் அருகருகே வைத்துக் காண்பதே நடுநிலைத் திறனாய்வு.

தமிழ் கற்றவர் உள்ளத்தில் உடனே எழுவது ஒரு வகைப்பாடு. டியேகோ பாடியது புறம். பிரீடா பாடியது அகம். சுவரளவு பெரிதான ஆலையும் உழைப்பும் ஒருபால். கையளவு சிறிதான தகட்டில் பெண்ணொருத்தியின் உடலும் குருதியும் மறுபால். இப்பகுப்பு எளிது, ஆனால் சரியானதா என்பதை ஆய்ந்தே கொள்ளல் வேண்டும்.

முதற்கண் டியேகோ. முற்றத்தின் நாற்புறமும் 27 பகுதிகளாக அவர் தீட்டிய சுதை ஓவியங்கள் இன்றும் அங்கேயே உள்ளன. வடசுவரின் பெரும்பகுதி மட்டும் 45 அடி நீளம். ஈரச் சுண்ணம் உலருமுன் வண்ணம் ஏற்ற வேண்டிய முறையாதலின், நாள்தோறும் அன்றைய பகுதியை அன்றே முடித்தாக வேண்டும். ரூஜ் ஆற்றங்கரை ஆலையில் வண்டி எந்திரம் உருவாகும் காட்சி அது. வளைந்த முதுகுகளும் இழுக்கும் தோள்களும் ஒரே தாளத்தில் இயங்குகின்றன. உழைப்பின் பேருருவை இவ்வளவு கம்பீரமாகத் தீட்டியவர் மிகச் சிலர்.

எனினும் ஒரு குறை சொல்லாமல் விடுதற்கில்லை. அவர் வருவதற்கு முந்தைய திங்கள், மார்ச்சு 7ஆம் நாள், வேலையிழந்தோர் அவ்வாலையை நோக்கிப் பசிப் பேரணி நடத்தினர். துப்பாக்கிச் சூட்டில் காயமுற்று ஐவர் மாண்டனர். அக்குருதியின் சுவடு இச்சுவரில் இல்லை. தென்சுவரின் மூலையிலோ கொடையாளியின் உருவம் உண்டு. புரவலனைப் பாடும் புலவனுக்கு நேரும் பழைய இக்கட்டு பொதுவுடைமையாளரான டியேகோவையும் விட்டுவைக்கவில்லை.

இனிப் பிரீடா. அவ்வாண்டு சூலை 4ஆம் நாள் ஹென்றி போர்டு மருத்துவமனையில் அவருடைய கரு சிதைந்தது. 1925இல் நேர்ந்த பேருந்து விபத்தில் நொறுங்கிய உடல் அவருடையது. அவ்விழப்பை அவர் ஓர் உலோகத் தகட்டில் தீட்டினார். நீளமும் அகலமும் ஒரு முழத்தை எட்டாத தகடு. திறந்த வெளியில் ஒரு கட்டில். அடிவானத்தில் ஆலைக் கட்டடங்கள். கட்டிலில் ஆடையின்றிக் குருதியிற் கிடக்கும் பெண். கன்னத்தில் பெரிய ஒற்றைக் கண்ணீர்த்துளி. அவள் கையில் சிவந்த நாடாக்கள். அவற்றின் முனைகளில் கருக்குழந்தை, நத்தை, இடுப்பெலும்பு, உடலின் மாதிரி வடிவம், ஓர் எந்திரம், ஊதா நிற ஆர்க்கிட் மலர் ஆகிய ஆறு. அம்மலர் டியேகோ கொண்டுவந்து தந்தது. உருவால் அவர் படத்தில் இல்லை. ஒரு பூவாக மட்டுமே இருக்கிறார். தாம்பத்திய நெருக்கத்தின் அளவையும் எல்லையையும் இதனினும் சுருங்கச் சொல்லுதல் அரிது.

உலோகத் தகட்டில் தீட்டியதற்கும் காரணம் உண்டு. விபத்திலோ நோயிலோ பிழைத்தவர் தகட்டுப் படமொன்றைத் தீட்டச் செய்து கோயிலில் சார்த்துவது மெக்சிகோ மக்களின் வழக்கம். நம்மவர் கண்மலரும் உறுப்புருவும் காணிக்கையாக்குவது போன்ற நேர்த்திக்கடன் அது. அத்தகடுகளில் மேலே காத்த தெய்வம் இருக்கும். கீழே பெயரும் ஊரும் நாளும் எழுதப்பட்டிருக்கும். பிரீடாவின் தகட்டில் தெய்வம் இல்லை. எழுத்து மட்டும் இருக்கிறது. மருத்துவமனையின் பெயர், ஊர்ப்பெயர், 1932 சூலை, தம் பெயரின் முதலெழுத்துகள் ஆகியன கட்டிலின் விளிம்பிலேயே பொறிக்கப்பட்டுள்ளன.

இங்கேதான் நம் எளிய பகுப்பு உடைகின்றது. அகத்திணை மாந்தரின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. நெடுநல்வாடை பிரிவுத்துயரையே பேசினும், பாண்டியர்க்குரிய வேம்பு அதில் இடம்பெற்ற ஒன்றாலேயே அதனைப் புறமெனக் கொண்டார் நச்சினார்க்கினியர். அவ்வளவுகோலால் நோக்கின், பெயரும் ஊரும் நாளும் சுட்டிய பிரீடாவின் ஓவியம் அகமன்று; புறம். மறைவில் அழுது தீர்க்க வேண்டியது என்று உலகம் கருதிய துயரை, சான்றோடு பொதுவில் வைத்த முறையீடு அது. அந்தரங்கத்தைக் காட்டியதால் அன்று, அதற்கு முகவரி இட்டதாலேயே அப்படம் வலிமை பெறுகின்றது.

மறுதலையாக, டியேகோவின் சுவரில் ஓர் அகப்பாட்டு ஒளிந்துள்ளது. முற்றத்தின் கீழைச்சுவரில், மண்ணுக்கடியில், செடியின் கிழங்கொன்றினுள் சுருண்டு உறங்கும் குழந்தையை அவர் தீட்டியுள்ளார். அதற்குப் பெயரில்லை, நாளில்லை, தாயும் இல்லை. நிலத்தின் வளமென அதற்குப் பொதுப்பொருள் கூறலாம். ஆயினும் பிரீடாவின் தகட்டைக் கண்ட கண்கள் இக்குழந்தையை வெறும் குறியீடாகக் கண்டு கடந்துவிட இயலாது. இரைச்சலிடும் ஆலைக்கு நடுவே ஒரு தந்தை பெயர் சுட்டாது விட்ட இடம் அது.

அடையாளம் பற்றிய வினாவுக்கும் பெயரே திறவுகோல். அவ்வாண்டே பிரீடா தீட்டிய இன்னொரு படத்தில், மெக்சிகோவுக்கும் அமெரிக்காவுக்கும் இடைப்பட்ட எல்லையில் ஒரு பீடத்தின்மேல் தாமே நிற்கிறார். கையில் தாய்நாட்டுக் கொடி. ஒருபுறம் பழங்கோயிலும் வேர்விட்ட செடிகளும். மறுபுறம் போர்டு என்று எழுதிய புகைபோக்கிகளும் மின்கருவிகளும். மண்ணுக்கடியில் செடியின் வேரும் கருவியின் மின்கம்பியும் தொட்டுக்கொள்கின்றன. பீடத்தில் அவர் பொறித்த பெயர் பிரீடா காலோ அன்று, கார்மென் ரிவேரா. கார்மென் அவருடைய முழுப்பெயரின் ஒரு பகுதி. ரிவேரா கணவர் குடிப்பெயர். செருமனியில் பிறந்த தந்தைக்கும் மெக்சிகோத் தாய்க்கும் மகளாகி, அயலூரில் இன்னார் மனைவி என்று மட்டும் அறியப்பட்ட ஒருத்தி, அப்பெயரையே கல்லில் எழுதி அதன்மேல் ஏறி நிற்கிறாள். அது பணிவா, எள்ளலா என்று துணிந்து கூற இயலாது. அத்துணிவின்மையே அப்படத்தின் உண்மை.

இக்கண்காட்சியின் சிறப்பு, இருவரின் வாழ்வு முழுவதையும் காதற்கதையாக விரிக்காமல், ஏறத்தாழ ஓராண்டுக் காலத்தை மையமாக்கியது. அதன் எல்லையும் கூறத்தக்கதே. சுவர் அசையாது, தகடுகள் மட்டும் வந்து திரும்பின. இன்று அம்முற்றத்தில் நிற்பவர் காண்பது டியேகோவை மட்டுமே. இருவரையும் ஒருங்கே கண்டாலன்றிக் கிழங்கினுள் உறங்கும் குழந்தை வாய் திறவாது.

பிறந்த ஊரைப் பெயருக்கு முன் ஓரெழுத்தாகச் சுமந்துகொண்டு, அயல்மாநிலத்தில் பிள்ளைகளை வளர்க்கும் நமக்கு இவ்விருவர் தொலைவினர் அல்லர். நம் வீட்டு முதுபெண்டிர் எத்தனையோ துயரங்களை ஊரும் நாளும் சொல்லாமலே மூடி வைத்துள்ளனர். வந்த ஊரின் சுவரில் உழைப்பின் பெருமையை எழுதுவார் பலர். அவ்வூரில் நாம் இழந்ததைப் பெயர் சுட்டி எழுதுவார் யார் என்பதே, அந்தச் சிறு தகடு நம்மிடம் கேட்டு நிற்கும் கேள்வி.